தொண்ணூற்றொன்று போதும்

செம்பாக்கம்
மார்கழி 14

அன்புள்ள வினிதாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பிரசன்னாவும் குழந்தையும் அந்தக் கால்கரிக் குளிரில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். எனக்குச் சௌக்கியம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதி அதைப் படம் எடுத்து அனுப்புகிறார் என்று நினைப்பாய். மூன்று நாளாகப் போனில் சொல்லத்தான் பார்த்தேன். நீ, அப்பா டிக்கெட் போட்டாச்சு, எட்டாம் தேதி அங்க இருப்போம் என்று சிரிக்கும்போது என் வாய் தானாக வாங்க வாங்க என்று சொல்லிவிடுகிறது. அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன். ஜனவரி பத்தாம் தேதி என் முட்டி ஆபரேஷன் நடக்காது. பயப்படாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நான் எண்பத்தெட்டு கிலோவுக்கு வந்துவிட்டதாக உனக்குச் சொன்னது பொய். போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரி மெஷின் காட்டியது தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆடி மாதம் டாக்டர் என் முட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே இறங்கி வாங்க, அப்புறம் கத்தி வைக்கலாம் என்றார். அப்போது நான் தொண்ணூற்றொன்பது. ஏழு கிலோதானே அவர் கேட்டது, அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் நீ போனில் எவ்வளவுப்பா குறைக்கணும் என்று கேட்டபோது எனக்கு என்ன வந்ததோ, ஏழு என்று சொல்ல அவமானமாக இருந்தது. அறுபத்தெட்டுக்கு வரப்போறேன், கல்யாணத்தன்னைக்கு உங்கப்பன் அறுபத்தெட்டு கிலோ என்று அடித்துவிட்டேன். நீயும் நம்பினாய். போன தடவை வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போனாயே அந்தக் கண்ணாடி எடை மெஷின், அதில் ஏறி ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணை அனுப்பணும் என்றாய். முதல் ஞாயிறு உண்மையிலேயே முக்கால் கிலோ குறைந்திருந்தது. அனுப்பினேன். நீ கைதட்டுகிற பொம்மை ஒன்பது போட்டு, குழந்தையை விட்டு தாத்தா சூப்பர் என்று சொல்லவைத்து அனுப்பினாய். அடுத்த ஞாயிறு ஒரு கிலோ ஏறியிருந்தது. அந்த ஒன்பது பொம்மைக்குப் பிறகு அதை எப்படியம்மா அனுப்புவது. ஒரு கிலோ குறைத்து அனுப்பினேன், அடுத்த வாரம் நிஜமாகவே குறைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று. அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

நடுவில் ஒருநாள் மெஷினைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாயே, அன்றைக்கு நான் பட்ட பாடு தனி. முப்பது வருஷமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கம்பி, ஆணி, கீல், எதை எடை போட்டாலும் ஐம்பது கிராம் கூட இருக்குமே தவிரக் குறைந்ததாக ஒரு கஸ்டமர் சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் பாத்ரூமில் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு இன்னொரு கையைச் சுவரில் ஊன்றிப் பார்த்தேன், மூன்று கிலோ குறைந்தது. வாஷ்பேசினை அழுத்திப் பிடித்தேன், ஏழு குறைந்தது. வாஷ்பேசின் லேசாக ஆட்டம் கண்டதும் அன்றைக்குத்தான். குழாய்க்காரர் வந்து இது எப்படி சார் ஆடுச்சு என்று கேட்டபோது, நம்ம கடைச் சரக்கே சரியில்லப்பா என்று என் கடையையே நான் விட்டுக்கொடுத்தேன்.

நடக்கவே இல்லை என்று நினைக்காதே, நடந்தேன். காலை ஆறு மணிக்கு நீ வாங்கித் தந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவேன். அம்மா ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்து அனுப்புவாள். ஏரிக்கரை தொடங்கும் இடத்திலேயே ஒரு டீக்கடை இருக்கிறது, அதில் அப்போதுதான் வடையை எண்ணெயிலிருந்து எடுப்பார்கள். இரண்டோடு நிறுத்திக்கொள்வேன், பொங்கல் இருக்கும் நாள்களில் அதுவும் ஒரு பிளேட். பக்கத்துக் கடை டயர் அயூப் ஒருநாள் என் ஷூவின் அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு, இன்னா அண்ணே, நாலு மாசமா வாக்கிங் போற, ஷூ இன்னும் ஷோரூம்ல கீற மாதிரியே கீது என்றார். டயர் தேய்மானம் பார்த்தே பிழைப்பவர், அவர் கண்ணிலிருந்து தப்ப முடியுமா. அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, பொண்ணு ஆபரேஷனுக்குன்னு லீவு போட்டு வந்துச்சுன்னா பேஜாராப் பூடும், முன்னாலயே சொல்லிடு என்றார். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு முன்னால் செய்கிற சோதனைக்கு அம்மாவும் நானும் போனோம். நர்ஸ் மெஷினில் ஏறச் சொன்னார். அங்கே பக்கத்தில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை, நடு ஹாலில் வைத்திருக்கிறார்கள். எண் வந்ததும் நர்ஸ் சத்தமாகப் படித்தார். அம்மா, மெஷின் ரிப்பேர்ங்க, வேற கொண்டாங்க என்று எனக்காகச் சண்டைக்கே போனாள். நர்ஸ், நீங்க ஏறிப் பாருங்கம்மா என்றார். அம்மா ஏறினாள். ஐம்பத்தொன்று. ஆடியில் அவள் ஐம்பத்தேழு. வினிதா, எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவளும் ஐந்து மாதமாகக் காலையில் அதே கஞ்சியைத்தான் குடித்திருக்கிறாள், சாயங்காலம் முறுக்கு டப்பாவைத் திறப்பதையும் விட்டிருக்கிறாள். ஜாக்கெட்டெல்லாம் தொளதொள என்று இருப்பதை நானும் பார்த்தேன், டெய்லர் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் குறைந்ததாக உனக்குக் கணக்குக் காட்டிய கிலோவில் பாதிக்குமேல் அவள் உடம்பிலிருந்துதான் போயிருக்கிறது. அவள் மெஷினை விட்டு இறங்கி என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். நான் அந்த ஹாலில் எங்கே போய் ஒளிவது, இந்த உடம்பை எந்தத் தூண் மறைக்கும்.

டாக்டர் தேதியைத் தள்ளிவைத்துவிட்டு, சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற மெஹ்னாஸ் என்ற பெண்ணிடம் அனுப்பினார். உன் வயதுதான் இருக்கும். எவ்வளவுக்கு வரணும்னு நினைக்கிறீங்க சார் என்று கேட்டது. நான் பழக்க தோஷத்தில் அறுபத்தெட்டு என்றேன். கடைசியா அறுபத்தெட்டு எப்ப இருந்தீங்க என்றது. கல்யாணத்தப்போ என்றேன். அதுவரை வாயே திறக்காத அம்மா அங்கேதான் பேசினாள். அதுக்கு முந்தின மாசம் இவருக்கு மஞ்சள் காமாலைம்மா, எலும்பும் தோலுமா மணவறையில உக்காந்திருந்தாரு, இந்த மாப்பிள்ளை தேறுவாரான்னு எங்கப்பா அழுதாரு என்றாள். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. அப்புறம் பொறுமையாகச் சொன்னது, காமாலை வந்தப்ப இருந்த எடை நமக்கு வேணாம் சார், மாசத்துக்கு ஒன்றரை கிலோ, மே மாசம் தொண்ணூற்றொன்று, முட்டிக்கு அது போதும், முடியுமா பாருங்க. நான், எண்பதுக்காவது வரலாமே என்று இழுத்தேன். அது அம்மாவைப் பார்த்தது. அம்மா, தொண்ணூற்றொன்னுன்னே எழுதுங்க என்றாள். எழுதிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தனக்கு ஒரு நெய் ரோஸ்ட் வார்த்துக்கொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். எனக்கு மனசு நிறைந்தது, வாயும் ஊறியது. மறுநாள்தான் பேசினாள். பொய் சொன்னதுகூடப் பரவாயில்லங்க, என்னையும் பட்டினி போட்டீங்களே என்றாள். அவள் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பேன், குனிந்தால் முட்டி எழ விடாது, அதனால் நின்றபடியே கேட்டேன். இப்போது காலையில் அவளும் என்னோடு நடக்க வருகிறாள். டீக்கடையைத் தாண்டும் வரை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நேற்று ஏரிக்கரையில் பாதி தூரம் போனோம். முட்டி வலித்தது, மூச்சு வாங்கியது, அந்தப் பக்கம் ஒரு பிள்ளையார் கோயில் கட்டியிருக்கிறார்கள், அது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

டிக்கெட்டை மே மாதத்துக்கு மாற்ற முடியுமா என்று மாப்பிள்ளையிடம் கேள். முடியாவிட்டால் ஜனவரியிலேயே வாருங்கள், ஆபரேஷன் இல்லாமல் சும்மா வாருங்கள், அம்மாவுக்கு நீ ஒரு வாரம் சமைத்துப் போடு. அவளுக்குப் பழைய உடம்பு திரும்ப வரவேண்டும். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னைக் கோபித்துக்கொள், ஆனால் போனை எடுக்காமல் இருந்துவிடாதே. குழந்தைக்குக் காதில் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். இனி ஞாயிற்றுக்கிழமை வருகிற எண் அம்மா கண் முன்னால் எடுத்ததாக இருக்கும். சில வாரம் ஏறியும் இருக்கும். அப்போதும் அனுப்புவேன். நீ கைதட்ட வேண்டாம், சூப்பர் வேண்டாம், திட்டவும் வேண்டாம். பார்த்தேன்ப்பா என்று மட்டும் எழுது. அது போதும், அடுத்த வாரமும் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
தொண்ணூற்றெட்டு கிலோவோடும் உன்மேல் அன்போடும்,
உன் அப்பா
சிட்டிபாபு