பதுவைக் கோவில் வாசலில் கழற்றிய சப்பாத்து

மச்சான்,

இன்று செவ்வாய்க்கிழமை. அந்தோனியார் கோவிலில் நவநாள் முடிந்து வெளியே வந்தால் என் செருப்பைக் காணவில்லை. வாசலில் கிடந்தவற்றிலேயே கேவலமான சோடி அதுதான். வார் அறுந்து இரண்டு தரம் கம்பியால் கட்டியது. பொருளாதாரத் தடையால் ஒரு சாமானும் வராத இந்த யாழ்ப்பாணத்தில் அதற்கும் ஓர் ஆள் இருந்திருக்கிறார். சுடுமணலில் குதிக்காலைத் தூக்கித் தூக்கிக் குருநகர் ஒழுங்கையால் நடந்து வந்தேன். பாதி வழியில் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர், "என்ன, தனியச் சிரிக்கிறாய்?" என்றார். உன்னைப் பற்றி அவருக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

நாலு வருடம் ஒரே கப்பலில் இருந்தோம். நான் குருநகர் வேதக்காரன், நீ தொண்டைமானாற்றுச் சைவக்காரன். இயந்திர அறைக்குள் இறங்குமுன் நெற்றி நிறையத் திருநீறு பூசுவாய். அரை மணித்தியாலத்தில் அது வியர்வையில் கரைந்து கன்னத்தில் ஓடும். என் பெட்டி மூடியில் ஒட்டியிருந்த, குழந்தையை ஏந்திய அந்தோனியார் படத்தைப் பார்த்து, "உவருக்குக் கையிலை பிள்ளை. எங்கடை சந்நிதி வேல்காரர் தானே பிள்ளை" என்று பகிடி பண்ணுவாய்.

எண்பத்தாறு ஐப்பசி. கப்பல் வெனிசுத் துறைமுகத்தில் நின்றபோது அம்மாவின் கடிதம் வந்தது. பாதி வாசித்ததும் உன்னிடம் நீட்டினேன். நீதான் வாங்கி மீதியைச் சத்தமாக வாசித்தாய். முல்லைத்தீவுக் கரையில் மீன்வாடி போட்டிருந்த என் தம்பி ஆடி மாதம் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று படகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. "எல்லாரும் அவன் செத்துப்போனானெண்டு முப்பத்தோராம் நாள் பூசை குடுக்கச் சொல்லுகினம். நான் குடுக்கேல்லை. நீ இத்தாலிப் பக்கம் போவாய்தானே. பதுவைக்குப் போய், துலைஞ்சதைத் தேடித் தாற அந்தோனியாரின்ரை கல்லறையிலை கை வைச்சுத் தம்பியைக் கேள்" என்று எழுதியிருந்தா. உள்ளே தம்பியின் சின்னப் படம் ஒன்றும் இருந்தது.

வெனிசிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம். சின்ன வயதிலிருந்து செபத்தில் சொல்லி வந்த பதுவை, உண்மையாகவே ரயில் நிற்கும் ஓர் ஊர் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. தெருக்களின் இரு பக்கமும் வீடுகளின் கீழே வளைவு வளைவாகக் கல் நடைபாதை. மழையில் நனையாமல் ஊரையே சுற்றி வரலாம். எத்தனையோ நூறு வருடம் மிதிபட்டு அந்தக் கல் சில இடங்களில் பள்ளம் விழுந்து கிடந்தது. நீ குனிந்து அதைத் தடவிப் பார்த்தாய். "உதிலை எத்தினை பரம்பரை நடந்திருக்குமடா!" என்றாய்.

பிறகு ஒரு தெரு திரும்பியதும் கோவில். ஒன்றன்பின் ஒன்றாகக் குவிமாடங்கள், நடுவில் ஒடுங்கிய கோபுரங்கள், மேலே புறாக்கள். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். எங்கள் ஊர்க் கோவிலைத் தூக்கி உள்ளே வைத்தால் ஒரு மூலையில் கிடக்கும். "மச்சான், உவர் எங்கடை ஆக்களுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறார், இங்கை இப்பிடிப் பெரிய ஆளோ!" என்று நீ மெதுவாகச் சொன்னாய். அன்றைக்கு உன் குரலில் பகிடி இல்லை.

வாசலில் இரண்டு பேரும் குனிந்து சப்பாத்தைக் கழற்றினோம். ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை. கோவிலுக்குள் சப்பாத்தோடு போகலாம் என்ற எண்ணம் குருநகரிலும் இல்லை, உன் ஊர்ச் சந்நிதிக் கோவிலிலும் இல்லை. காலுறையைச் சுருட்டி உள்ளே செருகி, நாலு சப்பாத்தையும் ஒழுங்காக வரிசையில் வைத்தோம். உள்ளே எல்லாரும் சப்பாத்தோடுதான் நடந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும்தான் வெறுங்கால். தளம் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது.

கல்லறையைச் சுற்றி வெள்ளைப் பளிங்கில் ஆட்கள் உயிரோடு நிற்பதுபோல் சிற்பங்கள். பின்பக்கம் கல்லில் கை வைத்துச் சனம் அழுதுகொண்டு நின்றது. குழந்தைகளின் படங்கள், நொருங்கிய கார்களின் படங்கள், நன்றிக் கடிதங்கள் என்று பக்கத்தில் குவியல். என் முறை வந்தது. கை வைத்தேன். வாய் திறக்கவில்லை மச்சான். கேட்டு, அவர் தராவிட்டால், அதற்குப் பிறகு கேட்க இந்த உலகத்தில் வேறு இடம் இல்லை என்ற பயம் பிடித்துக்கொண்டது. பின்னால் வரிசை நெருக்கியது.

அப்போதுதான் என் கைக்குப் பக்கத்தில் உன் கை வந்தது. நகத்துக்குள் இயந்திர எண்ணெய்க் கறுப்பு. நீ சத்தமாகத் தமிழில் கேட்டாய்.

"சாமி, இவன் கேக்கமாட்டான், பயந்தவன். இவன்ரை தம்பியைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ. தந்தியளெண்டால் நான் சந்நிதியிலை காவடி எடுக்கிறன்."

சனம் திரும்பிப் பார்த்தது. வெளியே வரும்போது, "கேட்டது இவரிட்டை, காவடி அவருக்கோ?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும் தங்களுக்குள்ளை கதைச்சுக் கொள்ளுவினம்" என்றாய்.

வாசலில் சப்பாத்துகள் இல்லை. நீ என்னைப் பார்த்தாய். "துலைஞ்சதைக் கேக்க வந்தனாங்கள். இருந்ததையும் துலைச்சுப்போட்டம்!" கடிதம் வந்ததிலிருந்து அழாத நான், அந்த வாசற்படியில் குந்தியிருந்து, சிரிப்பில் தொடங்கி, விம்மி விம்மி அழுதேன். நீ என் முதுகில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாய்.

மண்ணிற அங்கி போட்ட ஒரு கிழத் துறவி எங்கள் வெறுங்காலைக் கண்டு பதறிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஏழைகளுக்குப் பாணும் பழைய உடுப்பும் கொடுக்கும் அறை அது. பெட்டிக்குள் கையை விட்டுத் தேடி, எங்களுக்கு அளவாக இரண்டு சோடி எடுத்து நீட்டினார். எங்களுடைய சப்பாத்துகளேதான்! யாரோ தானமாக வைத்தது என்று நினைத்து எடுத்து வைத்திருக்கிறார்கள். நீ உன் சப்பாத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பாத்தியே, தந்திட்டார். தம்பியையும் தருவார்" என்றாய்.

தந்தார் மச்சான். தம்பி பர்மாக் கரையில் ஒதுங்கி, அங்கே சிறையில் கிடந்து, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். அப்போது நாங்கள் இருவரும் கப்பலை விட்டு ஊரில் இருந்தோம். நீ தொண்டைமானாற்றிலிருந்து சைக்கிளில் வந்தாய். அன்று கல்லில் வைத்ததுபோலவே அவன் தோளில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாய். "ஆவணியிலை காவடி. நீயும் வாறாய்" என்றாய். "ஓம், வாறன்" என்றேன்.

ஆனியில் நெருப்புக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நான் பங்குச் சுவாமியிடம் போய், "சந்நிதியிலை காவடி எடுக்கப் போறன், சுவாமி" என்றேன். முழுக் கதையையும் கேட்டார். கடைசியில், "அந்தோனியாரிலை கை வைச்சுச் சொன்ன சொல்லெல்லோ, போயிட்டு வா" என்றார். உன் மனைவி பாற்செம்பைக் கட்டித் தந்தா. எனக்கு அரோகரா சொல்ல நா வளையவில்லை. தம்பி பக்கத்தில் நடந்து எனக்கும் சேர்த்துச் சொன்னான். ஆற்றங்கரை மணலில் கால் புதையும்போது பதுவைக் கல்லின் குளிர் உள்ளங்காலில் ஏறியது. உன் கை என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஒருமுறை எடுத்தால் நேர்த்தி முடிந்தது என்கிறார்கள். எனக்கு முடியவில்லை. இத்தனை ஷெல்லடிக்குள்ளும் ஒவ்வொரு ஆவணியும் போகிறேன்.

இந்த வருடத் திருவிழாவுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. செருப்புப் போனால் போகட்டும் மச்சான். உன் காவடிக்கு வெறுங்கால்தானே வேண்டும்.