கூடும் குருணையும்

செப்டம்பர் 11, வியாழன்

வாயில் பழைய செப்புக்காசை அடக்கிக்கொண்டு திரிவதுபோல் இருக்கிறது. ரசத்துக்கு உப்பு பார்க்கக்கூட என் நாக்கு உதவவில்லை. அவரைக் கூப்பிட்டுத்தான் பார்க்கச் சொன்னேன். சரியாக இருக்கிறது என்றார். எது வைத்தாலும் அவருக்குச் சரியாகத்தான் இருக்கும்.

டாக்டரம்மா பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தக் கேப்சூலைக் கொடுத்து இரண்டு வாரம் ஆகிறது. காரணமில்லாத கொட்டாவி. அடுப்படியில் நிற்காமலே ரவிக்கை நனைகிறது. குளித்துவிட்டு வந்த உடம்பில் மருந்து வாடை. பூஜை அறைக்குள் போகவே கூச்சமாக இருக்கிறது.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். வைகாசியும் ஆனியும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். ஏன் என்று கேட்டால் இன்றும் பதில் இல்லை. விளக்கு ஏற்ற எழுந்திருக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. இப்போது ஏற்றுகிறேன். அதற்காகத்தான் இந்தக் கருமத்தை விழுங்குவது.

கணக்கு நோட்டில் இதை 'இதர செலவு' என்று எழுதச் சொல்லியிருக்கிறார். யார் கேட்டாலும் சத்து மாத்திரையாம். ஓசூரில் இருக்கிற மகள் சந்தியாவுக்குப் பொம்மிடியில் வரன் பேசுகிறோம். பேசிக்கொண்டிருப்பது அவருடைய தங்கை சுகுணா, பையன் அவள் புருஷன் வழிச் சொந்தம். "அவ காதுல மட்டும் போட்டுராத. பாப்பாரப்பட்டியில அவ தும்முனா பொம்மிடியில கேக்கும்" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தேய்பிறை அஷ்டமி. எங்கள் அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் நல்ல கூட்டம். பூசணி விளக்கு ஏற்றிவிட்டு, விரதம் முடித்து வீட்டுக்கு வந்து கேப்சூலைக் கையில் எடுத்தேன். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்து. எட்டாவதோடு நின்றவள் நான். இங்கிலீஷ் கற்றது சந்தியாவின் பழைய பாடப்புத்தகத்தையும் மளிகைப் பாக்கெட்டுகளையும் கூட்டிப் படித்துத்தான். எது கையில் கிடைத்தாலும் படித்துவிடுவேன். இதைப் படிக்காமல் இருந்திருக்கலாம்.

'ஹார்டு ஜெலட்டின்' என்று போட்டிருந்தது. செல்போனில் தேடினேன். மாட்டு எலும்பு, மாட்டுத் தோல், சிலதில் பன்றித் தோலாம். கொதிக்க வைத்துக் கூழாக்கி, அதிலிருந்து எடுக்கிற பசையாம்.

பன்னிரண்டு வருடமாக முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடாதவள். இரண்டு வாரமாகத் திருநீறு பூசிய கையோடு இதையா வாயில் போட்டுக்கொண்டேன்? உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். மறுபடி குளித்தேன். எத்தனை சொம்பு ஊற்றினாலும் உள்ளே போனதைக் கழுவ முடியுமா?

அவரிடம் சொன்னேன். "மருந்துல என்னா ராணி சைவம் அசைவம்" என்று சிரித்தார். அவருக்கென்ன. ஞாயிறு தவறாமல் தலைக்கறி தேடுகிற மனுஷர்.

செப்டம்பர் 15, திங்கள்

வழி கிடைத்துவிட்டது. கூட்டை இரண்டாகப் பிரித்தால் உள்ளே கசகசா மாதிரி வெள்ளைக் குருணை. மருந்து அதுதானே. இஞ்சி நசுக்குகிற சின்ன உரலில் போட்டு இடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிட்டேன். கசப்பு காது வரைக்கும் ஏறியது. பரவாயில்லை, கசப்பு சுத்தம். கூட்டைக் காகிதத்தில் மடித்துத் தெருக்கோடித் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சாமிக்குப் போட்ட பூவோடு அது கிடக்க வேண்டாம்.

செப்டம்பர் 22, திங்கள்

நெஞ்சு தட்டுகிறது. உட்கார்ந்திருக்கும்போதே.

செப்டம்பர் 27, சனி

புரட்டாசி இரண்டாம் சனி. பெருமாளுக்குத் தளிகை போட இலை விரித்தேன். நெஞ்சுக்குள் மாவு மிஷின் ஓடியது. கண் இருட்டி, படைத்த சாதத்தின் மேலேயே சாய்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் கன்னத்தில் சாதம், புடவையில் சாம்பார். சாமி முன்னால் அப்படிக் கிடந்த என் கோலத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மோட்டார் காயில் கட்டுகிற கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, அவர் என்னைத் தர்மபுரிக்கு அழைத்துப் போனார். இரத்த அழுத்தம் ஏகத்துக்கு இருந்தது. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, இதய டாக்டரிடம் ட்ரெட்மில் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்ட வாய் மூடவில்லை, அவர் முந்திக்கொண்டார். "சத்து மாத்திரை மட்டுந்தாங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்கூடப் பரவாயில்லை. என்னமாய் வழுக்கிக்கொண்டு வந்தது அவர் வாயில்!

அக்டோபர் 3, வெள்ளி

துணைக்குப் பொம்பளை ஆள் வேண்டும் என்று சுகுணாவை வரவழைத்திருந்தார். சந்தியாவின் பழைய சுடிதாரைக் கொண்டுபோயிருந்தேன். இந்த வயதில் சுடிதார். கண்ணாடியில் யாரோ மாதிரி இருந்தேன்.

உள்ளே ஒரு பையன் ஒயரோடு நின்றான். பெண் யாராவது வரட்டும், அதுவரை படுக்க மாட்டேன் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். வந்த பெண் நல்லவள்தான், ஆனால் அவள் கையில் எடுத்தது அடிபட்ட நத்தை மாதிரி சில்லென்று ஒரு கோந்து. நெஞ்சிலும் மார்புக்குக் கீழேயும் தடவித் தடவி வட்டமாக ஒட்டினாள். நான் செருப்போடு வந்ததால் ஆஸ்பத்திரி ஷூவைக் கொடுத்தார்கள். உள்ளே ஈரம். எனக்கு முன்னால் ஓடியவருடைய வியர்வை. அதற்குள் என் கால் விரலை நுழைத்தபோது வந்த அருவருப்பை எழுத எனக்குத் தமிழ் போதாது.

ஓடுகிற பட்டை. நடந்தேன். மேடாக்கினார்கள். வேகமாக்கினார்கள். சாமி பேரைச் சொல்லிப் பார்த்தேன், மூச்சு பாதியிலேயே முறிந்தது. எங்கேயும் போய்ச் சேராத ஒரு நடைக்கு இத்தனை வியர்வையா? திரையில் என் நெஞ்சு கோடு கோடாகத் துள்ளியது. போதும் நிறுத்து என்று டாக்டரே சொன்னார்.

ஒட்டியதைப் பிய்க்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. வெளியே சுகுணா என் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே, "இந்த ஓட்டத்த ரோட்டுல ஓடியிருந்தா ஓசூருக்கே போயி சந்தியாவப் பாத்துட்டு வந்திருக்கலாம் அண்ணி" என்றாள். சிரிப்பு வந்தது. அவளிடம் போய் எதையோ மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று உடனே நின்றுவிட்டது.

பரிசோதனை சரியில்லையாம். அடைப்பு இருக்கலாமாம். அடுத்த வெள்ளி வரச் சொன்னார். தேவைப்பட்டால் கை நரம்பு வழியாக நெஞ்சு வரைக்கும் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம்.

அக்டோபர் 4, சனி

இரண்டு தடவை குளித்தும் அந்தக் கோந்து போகவில்லை.

அக்டோபர் 8, புதன்

அவரிடம் கேட்டுவிட்டேன். இந்தக் கேப்சூலைப் பற்றி இதய டாக்டருக்குச் சொல்ல வேண்டாமா?

சொன்னால் என்ன ஆகும் தெரியுமா என்று ஆரம்பித்தார். சுகுணா பக்கத்திலேயே இருப்பாள், பொம்மிடிக்காரர்கள் பைத்தியக்காரி மகள் என்பார்கள், சந்தியா வாழ்க்கை... எல்லாம் சொன்னார். நெஞ்சில் குழாய் விடுவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

"குழாய் எனக்கா உங்களுக்கா?" என்றேன்.

"உனுக்காவத்தான் இவ்ளோ பாடும்."

எனக்காகவா? இத்தனை வருடம் நான் சமைத்துப் போட்ட மனுஷர் முகத்தை இன்று பார்க்கப் பிடிக்கவில்லை. சாதத்தை எடுத்து வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்தேன். அவர் மேல் மட்டுமா வெறுப்பு? அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான்தானே.

அக்டோபர் 10, வெள்ளி

அவர் வாசலில் வண்டி நிறுத்தப் போனார். சுகுணாவும் நானும் முதலில் உள்ளே போனோம். டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். குழாய் விடுவதற்கு முன்னால் ஒரு தடவை உறுதி பண்ணிக்கொள்கிறேன், வேறு எந்த மாத்திரையும் இல்லையே என்றார்.

சுகுணாவைப் பார்த்தேன். என் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குதுங்க. மனசுக்கு மாத்திரை சாப்பிடறேன். மனநல டாக்டரம்மா கொடுக்கறாங்க. நாலு மாசமா."

பேரைச் சொன்னேன். அட்டையையும் எடுத்துக் கொடுத்தேன். அட்டை இருந்தது சுகுணாவின் மடியில் இருந்த பையில்தான்.

டாக்டர் கோபப்பட்டார். படட்டும் என்று விட்டுவிட்டேன். "பட்டைமேல ஏறுறதுக்கு முன்னாடியே உங்க நாடி ஓடிக்கிட்டுதாம்மா இருந்துச்சு. இத மொதல்லயே சொல்லியிருக்க வேணாமா?" என்றார். குழாய் இப்போது வேண்டாம், டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எழுதினார். அதற்குள் அவர் வந்துவிட்டார். எங்கள் மூவர் முகத்தையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

பஸ் வந்ததும் சுகுணா பையை என் கையில் கொடுத்தாள், போய்விட்டாள்.

அக்டோபர் 11, சனி

டாக்டரம்மா இதய டாக்டர் எழுதியதைப் படித்தார். இந்த அளவுக்கு இத்தனை படபடப்பு வரக் கூடாதே, எப்படி விழுங்குகிறீர்கள் என்று கேட்டார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், உரல், தேன் எல்லாம்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒவ்வொரு குருணைக்கும் மேல ஒரு பூச்சு இருக்கும்மா, மெதுவா கரையறதுக்கு. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா எறங்க வேண்டியத இடிச்சு ஒரே மடக்குல எறக்கியிருக்கீங்க. நெஞ்சு தட்டாம என்ன செய்யும்?"

இடிக்காமல் குருணையை மட்டும் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "பிரிக்கவே வேணாம். நீங்க பிரிச்சா மறுபடி இடிப்பீங்க" என்றார். கூடு இல்லாத வேறு மாத்திரை இருக்கிறதாம், ஆனால் இதிலிருந்து மெல்ல மெல்லத்தான் மாற வேண்டுமாம். அதுவரைக்கும் முழுசாக விழுங்க வேண்டும். எதுவுமே வேண்டாம் என்றால் அதையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்தித் தருகிறேன், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். யோசித்துச் சொல்லச் சொன்னார்.

வெளியே வந்து யோசித்தேன். இந்தப் பக்கம் மாட்டுத் தோல். அந்தப் பக்கம் அந்தச் சுவர். சுவரின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது, காரை பெயர்ந்த இடத்தில் எறும்பு போனதும்.

திரும்பி உள்ளே போய், விழுங்குகிறேன் என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூஜை அறைக் கதவைச் சாத்திவிட்டு, அடுப்படி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று விழுங்கினேன். தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. வழவழவென்று, உயிருள்ளதுபோல. வாந்தி வாய்வரை வந்தது, தண்ணீர் குடித்து அடக்கினேன். வாய் கொப்பளித்துவிட்டுப் போய் விளக்கு ஏற்றினேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சுகுணா வரவில்லை. போனும் இல்லை. அவர் ஒரு முறுக்கை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

நவம்பர் 5, புதன்

மறுபடி ட்ரெட்மில். இந்த முறை சொந்தமாக கேன்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டு போனேன். கோந்து அதே கோந்துதான். ஆனால் கடைசிவரை நடந்தேன். அடைப்பு இல்லை, குழாய் வேண்டாம் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கைக்குட்டை எடுத்து வராமல் என் முந்தானையிலேயே மூக்கைத் துடைத்தார். சீ என்று இழுத்துக்கொண்டேன். பிறகு விட்டுவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

அஷ்டமி. விளக்குக்காகப் பூசணியை வெட்டி உள்ளே இருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இங்கே சதை வேண்டாம், கூடுதான் வேண்டும். சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சாயங்காலம் சுகுணா போன். "ஞாயித்துக்கெழம பொம்மிடி போறோம். காலையில கெளம்பி இருங்க அண்ணி." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அவர்களிடம் சொல்லிவிட்டாளா? இல்லையா?

நவம்பர் 16, ஞாயிறு

பொம்மிடி போய் வந்தோம். நாளை கார்த்திகை பிறக்கிறது, அதற்குள் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று அவர்கள்தான் கூப்பிட்டிருந்தார்கள். பையன் சிவக்குமார் அதிகம் பேசவில்லை. பந்தியில் நான், எனக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் சுகுணா. பையனுடைய அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தார்.

சாப்பிட்டதும் கேப்சூல் போட வேண்டும். முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். கை கழுவப் போகிற சாக்கில் மறைவாகப் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் சுகுணா, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "அண்ணி, மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

அவருக்குப் புரை ஏறியது.

"சக்கரைங்களா?" என்று பையனுடைய அம்மா கேட்டார்.

சுகுணா என்னைப் பார்க்காமல் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க. மனசுக்கு" என்றேன்.

அந்தம்மா என் இலையைப் பார்த்தார். "சாப்புட்டுப் போடறதா, முன்னயே போடறதா?"

"சாப்பிட்டுத்தாங்க."

"அப்ப மோருக்கு இன்னும் ரெண்டு வாய் சாப்புடுங்க. எலையில ஒன்னுமே எறங்கல" என்று சொம்புத் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

எல்லார் எதிரிலும் விழுங்கினேன். குமட்டவில்லை என்று எழுதினால் பொய். கிளம்பும்போது, தை பிறந்ததும் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் சுகுணா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் திறந்து எச்சில் வழிந்து என் பட்டுப் புடவையில் ஊறியது. தலையில் பழைய எண்ணெய் வாடை வேறு. அதியமான்கோட்டை வரும்வரை நான் அசையவில்லை.