பின்னறையில் தூங்கிய நாற்காலிகள்

சேலம்
ஆவணி, 1984

அன்பு மகள் பொன்னாயிக்கு அப்பா சடையன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா ஆராயியும் அறப்பளீசுவரர் தயவில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கொரு சண்டை போட்டுச் சௌக்கியமாக இருக்கிறோம். பம்பாயில் நீயும் உன் நர்ஸ் வேலையும் சௌக்கியம்தானே? மழையில் நனையாதே சாமி, ஊசி போடுகிறவளுக்கே ஊசி போட்டால் ஆஸ்பத்திரியே சிரிக்கும்.

நான் சமைத்துப்போடும் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். மலையிலிருந்து படிக்கவும் வேலைக்கும் இறங்கி வரும் நம் பிள்ளைகள் சாயங்காலமானால் இங்கேதான் கூடுகிறார்கள், கேரம் ஆடுகிறார்கள், வேலைக்கு மனு எழுதிக்கொள்கிறார்கள், என் சாம்பாரைத் திட்டிக்கொண்டே மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நடத்துவது சாரதாமணி டீச்சர், இடம் சர்க்காரின் மலைவாசி நல இலாகாவுடையது. வந்து போகலாம், ராத்திரி தங்கக் கூடாது என்பது உத்தரவு. பின்னால் நல்ல அறை ஒன்று உண்டு, அதில் இலாகாவின் கால் உடைந்த நாற்காலிகள் குடியிருந்தன. நாற்காலி தங்கலாம், மனுசர் தங்கக் கூடாது, என்ன சட்டமோ. செம்மேட்டுப் பக்கத்திலிருந்து டைப் பழக வந்த உண்ணாமலை என்ற பெண்ணும் தினம் வருவாள். அவள் மலைக்காரி என்று தெரிந்ததும், சூனியம் வைத்துவிடுவாள் என்று பயந்து, அவள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாளாம். இப்போது எங்கே இருக்கிறாய் என்று உன் அம்மா கேட்டதற்கு, சொந்தக்காரங்க ஊட்டுல என்றாள். நாங்களும் நம்பினோம்.

போன வாரம் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று நம் இலாகா ஆபீசர் ஒரு சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினார். உள்ளே நாடகக் கம்பெனியில் வாங்கிய இலைப்பாவாடையும் கோழி இறகுக் கிரீடமும். பிள்ளைகள் இதைக் கட்டிக்கொண்டு மலை ஆட்டம் ஆடவேண்டும் என்றார். லேத்துப் பட்டறையில் வேலை செய்யும் வெள்ளையன், "ஏனுங்க சார், எங்க பாட்டன் காலத்துலயே வேட்டி வந்துருச்சுங்களே. நீங்க ஒருக்காக் கட்டி ஆடிக் காட்டுங்க, பார்த்துப் பழகிக்கறோம்" என்றான். ஆபீசர் முகம் அவிந்த கத்தரிக்காயாகிவிட்டது. ஆடாவிட்டால் வீட்டையே பூட்டிவிடுவேன் என்று கத்தினார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் நானே பாவாடையைக் கட்டிப் பார்த்தேன், தொப்பையில் பாதிகூடச் சுற்றவில்லை. உன் அம்மா பார்த்துவிட்டு, "இதைப் பார்த்தா அசுரனை விரட்டுன கொல்லிப்பாவையே ஓடிப்போயிரும்" என்றாள்.

கடைசியில் பிள்ளைகள் தங்கள் சட்டை தாவணியோடுதான் வரிசையாக நின்றார்கள். பெரிய அதிகாரி மாலையும் கழுத்துமாக வந்து, முன்னால் நின்ற உண்ணாமலையிடம், "நீ எந்தக் காட்டுலம்மா குடியிருக்கே?" என்று அன்பாகத்தான் கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்து, "காடு இல்லீங்க சார், பஸ் ஸ்டாண்டுங்க. பொம்பளைங்க உக்கார்ற ரூமுல ஒரு மாசமாப் படுக்கறேன். இங்க பின்னால ரூமுல நாற்காலி தூங்குதுங்க, அதான் எனக்கு எடமில்லை" என்றாள். டீச்சர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பெரிய அதிகாரி மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னால் போனார், பூட்டைத் திறக்கச் சொன்னார், உள்ளே பார்த்தார், "இன்னைக்கே காலி பண்ணுங்க, பொண்ணுங்க தங்கட்டும்" என்றார். நம் ஆபீசரே பதறிப்போய் ஒரு நாற்காலியைத் தூக்க, அதில் மிச்சமிருந்த கால் அவர் காலில் விழுந்தது. கடவுள் எப்போதாவது வேலைக்கு வருகிறார்.

இப்போது உண்ணாமலையும் இன்னும் சில பெண்களும் அங்கேதான் தங்குகிறார்கள். உன் அம்மா துணைக்குப் படுக்கிறாள், அவள் குறட்டைக்குத் திருடன் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டான். முதல் நாள் படுத்த உண்ணாமலை மறுநாள் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. யாரும் எழுப்பவுமில்லை.

அறப்பளீசுவரரும், அவருக்கு நேரமில்லாவிட்டால் எட்டுக்கை அம்மனும் உன்னைக் காக்கட்டும், நீ நூறு வயசு இரு. ஒன்று மட்டும் மறக்காதே. ஆஸ்டலில் யாராவது ஊர் கேட்டால் சேலம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். சேலம் நாம் பஸ் மாறுகிற இடம் சாமி. கொல்லிமலை என்று சத்தமாகச் சொல். கேட்டவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், வலிக்கப்போவது அவர் முகம்தானே.

இப்படிக்கு,
மலையை விட்டு இறங்கியும் மலைக்காரனாகவே இருக்கும்
உன் அப்பா சடையன்