ஒரு நாளைக்கு ஒரு பந்தி

குருநகர்
06.02.2025

பிரியந்தினியின் அப்பாவுக்கு,

திங்கட்கிழமை காலை நான் கரையில் எங்கள் நண்டு வாடியில் வைத்து உங்களைப் பார்த்துக் கத்தினேன். மத்தியானம் நீங்கள் பருத்தித்துறை பஸ் ஏறினீர்கள். நடந்தது இவ்வளவுதான். ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்ததற்கு ஏசினால் ஒரு மனிசன் வீட்டை விட்டுப் போவானா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். மூடிக்காகப் போகவில்லை என்று எனக்கும் தெரியும். நண்டு தரம் பிரிக்கிற ஒன்பது பெண்களுக்கும் முன்னால் உங்களை 'விசரன்' என்றேன். பிள்ளை கொழும்பிலிருந்து போன் எடுத்து, "அம்மா, உங்கடை வாய்தான் காரணம்" என்கிறாள்.

நான் எடுத்தால் நீங்கள் போனைத் தொடுகிறீர்கள் இல்லை. நேற்று உங்கள் தங்கச்சி எடுத்தாள். "மச்சாள், எழுதினால் அண்ணை வாசிப்பாராம். எழுத்துக்குச் சத்தமில்லையாம்" என்றாள். பின்னால் நின்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததும் எனக்குக் கேட்டது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீங்கள் திரும்பி வருவதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? தாலி கட்டின நாளிலிருந்து, "காலமை பத்து நிமிசம் வேதம் வாசிச்சு நாலு வரி எழுதிப் பாரும், மனம் ஆறும்" என்பீர்கள். நான் சிரிப்பேன். இப்போது தொடங்கிவிட்டேன். இருக்கிறதில் பெரிய கொப்பியாக வாங்கினேன். இரண்டு நாளில் மத்தேயு இருபத்தெட்டு அதிகாரமும் முடிந்தது.

இப்படிக்கு,
றொசாந்தி

*

பருத்தித்துறை
08.02.2025

அன்பின் றொசாந்திக்கு,

நண்டு வான் ஓட்டுகிற சீவரத்தினம் உமது கடிதத்தைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றான். மறுமொழியையும் கையோடு கொண்டுவரச் சொன்னீராம்.

இரண்டு நாளில் மத்தேயு முழுவதுமா? நீர் வாசிக்கவில்லை, லொறியில் ஏற்றி இறக்கியிருக்கிறீர். அதில் எது இப்போது ஞாபகத்தில் நிற்கிறது, சொல்லும் பார்ப்போம்.

ஒரு நாளைக்கு ஒரு பந்தி போதும். மாற்கு சின்னது, அதில் தொடங்கும். வாசித்ததில் எது மனதில் ஒட்டியது என்று இரண்டு வரி எழுதும். ஒன்றும் ஒட்டாவிட்டால், 'இன்றைக்கு ஒன்றுமில்லை' என்று எழுதும். அதுவும் கணக்கில் சேர்த்திதான்.

இன்னொரு விசயம். தங்கச்சியின் மனுசன், மச்சான், தன்னுடைய வலைக்கடையை மார்ச் முதலாம் திகதியிலிருந்து என்னைப் பொறுப்பெடுக்கச் சொல்கிறார். மாத முடிவுக்குள் மறுமொழி சொல்வதாகத் தவணை கேட்டிருக்கிறேன். உம்மை வெருட்டுவதற்காக இதை எழுதவில்லை. இந்த வீட்டில் ஒருவரும் கத்துவதில்லை, றொசாந்தி. சாப்பாடு தொண்டைக்குள் நிற்காமல் இறங்குகிறது.

எமில்ராஜ்

*

குருநகர்
16.02.2025

பிரியந்தினியின் அப்பாவுக்கு,

வலைக்கடைச் செய்தியை வாசித்ததும் கடிதத்தைக் கிழிக்கக் கை போனது. கிழிக்கவில்லை. அதை எனக்கு ஒரு புள்ளியாகப் போடுங்கள்.

நல்ல சாமானைத் தனியாக வாங்கி எனக்குப் பழக்கமில்லை. ஒன்பது கொப்பி வாங்கி வாடியில் எல்லோருக்கும் கொடுத்து, வேலைக்கு முதல் நானே உரத்து வாசித்தேன். மூன்றாம் நாள் அருமைநாயகி எழும்பி, "அக்கா, யேசு காத்துக்கொண்டு நிப்பார், நண்டு நிக்காது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொப்பிகளை அவரவர் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன்.

பிறகு வீட்டில் தனியாக இருந்து எழுதினேன். எழுதியதைப் புரட்டிப் பார்த்தால், முதல் பக்கத்தில் அருமைநாயகியின் சோம்பல், இரண்டாம் பக்கத்தில் சீவரத்தினம் பிந்தி வந்தது, மூன்றாம் பக்கத்தில் நீங்கள். என்னைத் தவிர ஊரில் எல்லாரும் என் கொப்பிக்குள் இருக்கிறார்கள். வெட்கமாகப் போய்விட்டது. அதோடு நாலு நாள் தொடவில்லை. நாலு நாள் பந்தியையும் சேர்த்து ஒரே நாளில் வாசித்தால் சரிவருமா? அல்லது இது எனக்கு வராத தொழிலா?

றொசாந்தி

*

பருத்தித்துறை
18.02.2025

அன்பின் றொசாந்திக்கு,

சேர்த்து வாசிக்க வேண்டாம். விட்டது விட்டதுதான். நாளைக்கு நாளைய பந்தி. போன மாரிகாலத்தில் நான் இரண்டு மாதம் விட்டேன், உமக்குச் சொல்லவில்லை.

உமக்குச் சொல்லாதது இன்னொன்றும் உண்டு. நீர் கத்தத் தொடங்கினால் நான் விவிலியத்தை விரித்துக்கொண்டு இருந்துவிடுவேன். அது வாசிப்பில்லை, ஒளிப்பு. உமக்கு மறுமொழி சொல்லாமல் தப்புவதற்கு வேதத்தைக் குடையாகப் பிடித்திருக்கிறேன். இந்த ஒரு வரியை என் கொப்பியில் எழுத எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. உமது கொப்பியில் நீர் இல்லை என்றால், என் கொப்பியிலும் நான் இவ்வளவு காலம் இல்லை.

எமில்ராஜ்

*

குருநகர்
24.02.2025

பிரியந்தினியின் அப்பாவுக்கு,

சனிக்கிழமை ஐஸ் லொறி வரவில்லை. அறுபது கிலோ நண்டு பழுதாகிவிட்டது.

அன்று காலை நான் வாசித்தது, படகில் போகும்போது புயல் அடித்த பந்தி. குருநகரில் பிறந்தவளுக்கு அது புதிதில்லை. கோயிலில் எத்தனையோ தரம் கேட்டாயிற்று. ஆறுதலாக வாசித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. யேசு அதட்டியது காற்றையும் கடலையும். படகில் இருந்தவர்களிடம் கேள்விதான் கேட்டார். அதை மட்டும் எழுதி வைத்துவிட்டு வாடிக்குப் போனேன்.

எட்டு மணிக்கு அருமைநாயகி வந்து, ஐஸ் இல்லை என்றாள். வாயைத் திறந்தேன், ஒரு சொல் வெளியே போயும் விட்டது. மிச்சத்தை விழுங்கிக்கொண்டு, "என்ன நடந்தது?" என்று கேட்டேன். நான் கேள்வி கேட்டதற்கே அவள் ஓரடி பின்னால் போனாள்.

"லொறிக்காரன் விடிய அஞ்சு மணிக்கே எனக்குப் போன் அடிச்சுச் சொன்னவன், அக்கா. உங்களுக்குச் சொல்லப் பயத்திலை இருந்திட்டன்" என்றாள்.

ஐந்து மணிக்கே தெரிந்திருந்தால் பக்கத்துப் பாசையூரில் ஐஸ் எடுத்திருப்பேன். அறுபது கிலோவையும் தின்றது லொறி இல்லை, என் வாய். அன்று பின்னேரம் திரும்பவும் கொப்பியை எடுத்து இதை எழுதினேன். என் பெயர் வந்த முதல் பக்கம் அது.

ஆகையால் உங்களிடமும் கேட்கிறேன். இருபத்தாறு வருசத்தில் உங்களிடம் இப்படி ஒன்றும் கேட்டதில்லை. அன்றைக்கு ஏன் அந்த மூடியைத் திறந்து வைத்தீர்கள்?

றொசாந்தி

*

பருத்தித்துறை
26.02.2025

அன்பின் றொசாந்திக்கு,

உமது கேள்வியை மூன்று தரம் வாசித்தேன். ஐஸ் கரைந்து பெட்டிக்குள் தண்ணீர் நின்றது. நண்டு அதில் ஊறினால் பதம் கெட்டுவிடும்; சாய்த்து ஊற்றத் திறந்தேன். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நீரும் கேட்கவில்லை, நானும் சொல்லாமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இன்று காலை மச்சானிடம், "கடைக்கு வேறை ஆளைப் பாருங்கோ" என்றேன். "ஓம், உம்மடை முகத்திலையே தெரிஞ்சுது. கடிதம் வாற நாளிலை ரண்டு புட்டு கூடச் சாப்பிடுறீர்" என்று சிரித்தார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது போல் இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். கத்துவதற்கு முதல் கேளும். உமது பக்கத்து நிபந்தனைகளை நீர் எழுதும்.

எமில்ராஜ்

*

குருநகர்
27.02.2025

என் அன்பான அவருக்கு,

வானுக்குப் பக்கத்தில் நின்றபடியே கடிதத்தைப் பிரித்தேன். "என்னக்கா, அழுறியள்?" என்றான் சீவரத்தினம். "நண்டுத் தண்ணி கண்ணுக்குள்ளை தெறிச்சிட்டுது" என்றேன். "பெட்டி எல்லாம் மூடியெல்லோ கிடக்கு" என்றான். அவனுக்கு வாய் கூடிவிட்டது.

அன்று சொன்ன அந்தச் சொல்லை இன்று காலை அதே ஒன்பது பேருக்கும் முன்னால் திருப்பி எடுத்துவிட்டேன். அருமைநாயகி எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள்.

இனி எங்கள் ஒப்பந்தம். காலை ஐந்தரைக்கு ஒரு பந்தி. ஒரு நாள் நீங்கள் வாசிப்பீர்கள், மறுநாள் நான். கொப்பி அவரவருக்கு; ஒருவர் மற்றவருடையதைத் திறக்கக் கூடாது. விட்ட நாளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. கத்துவதற்கு முதல் கேட்பேன். தவறிக் கத்திவிட்டால், யாருக்கு முன்னால் கத்தினேனோ அவர்களுக்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்பேன். நீங்கள் விவிலியத்துக்குப் பின்னால் ஒளிக்கக் கூடாது. கேட்டதற்கு வாயால் மறுமொழி சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை சீவரத்தினத்தின் வானில் வாருங்கள். ஒப்பந்தம் அன்று முதல் நடைமுறைக்கு வருகிறது. முடிவுத் திகதி கிடையாது.

றொசாந்தி