நீ மாட்டாமல் போன மிஷின்

மாப்ள,

இதை எழுதும் மேசையில் வெள்ளைத் துணி ஒன்று விரித்திருக்கிறேன். அதன் நடுவில் ஒரு சாமை உமி கிடக்கிறது. பறந்துவிடும் என்று பயந்து ஃபேன்கூடப் போடாமல் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருக்கிறேன். உன் வீட்டுச் சாமை அது. போன வாரம் என் கைக்கடிகாரத்துக்குள் இருந்து விழுந்தது. மோந்து பார்த்தேன். ஒரு உமியில் என்ன வாசம் வரும், ஒன்றும் வரவில்லை. ஆனாலும் உன் வீட்டு உள்ளறையில் நிற்பது போலவே இருந்தது.

மலையில் மழைக்காலம் வந்துவிட்டால் துணி காயாது, சுவர் காயாது, வாட்ச் மட்டும் எப்படிக் காயும்? கண்ணாடிக்குள் பனி இறங்கி மணி தெரியாமல் போய்விடும். அதற்கு நீ கண்டுபிடித்த வைத்தியம், வாட்சுகளைத் துணியில் முடிந்து சாமைக் குதிருக்குள் புதைப்பது. ஈரத்தைச் சாமை இழுத்துக்கொண்டது, சரிதான். சாமைத் தூசியை வாட்ச் இழுத்துக்கொண்டதே, அதை ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நின்றுபோன பிறகுதான் நீ ஒப்புக்கொண்டாய். "உங்க ஊர்ல சாமை சாப்புடறது மனுசன் மட்டுந்தான்னு நெனச்சேன்" என்று நான் சிரித்தபோது, உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறை, அதுவும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது.

நாம் பழகியதே வேடிக்கைதான். நான் முள்ளுக்குறிச்சிக்காரன், தோட்டக்கலை ஆபீசில் கிளார்க்காக மலைக்கு மாற்றலாகி வந்தவன். நீ மலைமேல் ஆலத்தூர் நாட்டில் மிளகு போடுகிறவன். மிளகுக் கன்று கேட்டு மனு கொண்டுவந்தாய். ஆபீசுக்கு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் தரையைப் பார்ப்பார்கள். நீ என் மணிக்கட்டைப் பார்த்தாய்.

"ஏனுங்க, அது சப்பான் சாவி வாட்சு தானுங்களே? ஒருக்கா காதுல வெச்சுப் பாக்கலாங்களா?"

மனுவை மறந்துவிட்டு வாட்சைக் காதில் வைத்துக்கொண்டு நீ கண்ணை மூடி நின்ற நிலையைப் பார்த்துப் பியூன் பயந்துவிட்டான். அந்த 'ங்க' எல்லாம் கொஞ்ச நாளில் உதிர்ந்து 'மாப்ள' ஆகிவிட்டது. அதன் பிறகு லீவு நாள் என்றால் நமக்கு அலைச்சல்தான். சேலத்துப் பழைய சாமான் கடைகள், ராசிபுரத்து வாட்ச் ரிப்பேர்க்காரர்கள், சிங்கப்பூர், பினாங்கு போய் வந்தவர்களின் வீட்டுப் பெட்டிகள். உனக்குத் தங்கத்தில் ஆசை இல்லை, பேட்டரியில் மரியாதை இல்லை. அறுபது எழுபதுகளில் ஜப்பானில் செய்த, காலையில் எழுந்ததும் நாமே சாவி கொடுக்கவேண்டிய வாட்ச் மட்டும்தான் வேண்டும். "ஒரு நாளைக்கு ஒருதடவ தொட்டாத்தான் ஓடுவேங்குது பாரு, அதாண்டா வாட்சு" என்பாய்.

எதைக் கண்டாலும் பின்மூடியைத் திருப்பி எண்ணைப் படிப்போம். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை மட்டும் அந்த எண் சொல்லாது. அறுபதுகளின் மூன்றும் எழுபதுகளின் மூன்றும் பார்க்க ஒரே மூன்றுதான். திறந்து, உள்ளே ஓடுகிற மிஷினைப் பார்த்தால்தான் வாட்சின் உண்மையான வயது தெரியும். இதில் நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். ஒருவனுடைய வாட்சை அவனே திறக்கக் கூடாது, மற்றவன்தான் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, "காக்காய்க்குந் தங்குஞ்சு பொங்குஞ்சு மாப்ள. வாங்குனவங் கண்ணுக்கு எல்லாம் அசலாத்தாந் தெரியும்" என்றாய்.

உன் தீர்ப்பு இருக்கிறதே, அப்பப்பா! ஒரு வாட்சின் உடம்பில் வேறொன்றின் மிஷினைப் பொருத்தியிருந்தால் நீ அதை 'ஒட்டு' என்பாய். ஒட்டுக்கன்றை மதிக்கிற விவசாயி, ஒட்டு வாட்சைக் கண்டால் காறித் துப்புவாய். ஒரு கல்யாணத்தில், ரிட்டையர்டான ஹெட்மாஸ்டர் ஒருவர் தன் மாமனார் போட்ட வாட்சை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். நீ வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், மூஞ்சி ஒண்ணு, ஒடம்பு ஒண்ணு, கொடல் ஒண்ணு. மூணு ஊரு ஆளு ஏறுன ஜீப்பாட்ட இருக்குதுங்களே" என்றாய். பந்தியில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவர் அன்றோடு உன்னிடம் பேச்சை விட்டவர், உன் சாவுக்கும் வரவில்லை. "ஒரு பொய் சொன்னா கொறஞ்சா போயிருவ?" என்று நான் திட்டியதற்கு, "வாட்சு விசியத்துல என்னால ஆவாது" என்று முடித்துவிட்டாய்.

அதனால்தான் என் வாட்சைப் பற்றி நீ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

என் அப்பா லாரி டிரைவர். எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயதில் போய்விட்டார். ஒரு போட்டோகூட இல்லை. அவர் முகம் எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை என்பதை உன்னைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த ஒரு கை, அதில் வெள்ளை டயல் வாட்ச், தங்க நிற முள், அவ்வளவுதான் என்னிடம் மிஞ்சிய அப்பா. அம்மா ஜவ்வரிசி மில்லுக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள். எனக்கு வேலை கிடைத்த அன்று முந்தானையில் இருந்து அந்த வாட்சை எடுத்து, "உங்கொப்பனுது சாமி. இத்தன வருசம் ஒளிச்சு வெச்சிருந்தேன்" என்று என் கையில் கட்டிவிட்டாள். பின்மூடி வேர்வையில் தேய்ந்து, எண்ணில் முதல் இலக்கம் மட்டும்தான் படிக்கும்படி இருந்தது. அது நான் பிறந்த வருடத்தின் கடைசி இலக்கம். மகன் பிறந்த வருடம் அப்பா வாங்கியிருக்கிறார் என்று எண்ணி எண்ணி நான் பூரித்துப் போனது உனக்குத் தெரியும்.

அதை முதன்முதலில் நீ திறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தவன் நிமிரவே இல்லை. "என்ன மாப்ள, ஒட்டா?" என்று கேட்டேன். மெல்ல மூடியைத் திருகி மூடினாய். "அசல் மாப்ள. உங்கொப்பன் நல்ல பொருளாத்தான் வாங்கியிருக்குறாரு" என்றாய். வந்தவனைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பாதவன், அன்றைக்கு என்னைச் சாப்பிடச் சொல்ல மறந்துவிட்டாய். அதற்குப் பிறகு வருடா வருடம் அதை நீயே திறந்தாய், துடைத்தாய், எண்ணெய் விட்டாய். சட்டப்படி நான் எட்ட உட்கார்ந்திருந்தேன்.

போன மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சு வலி வந்தது. உன்னை ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் நீ முடிந்துவிட்டாய். உன் காரியம் முடிந்த பிறகு நான் மலைக்கு வரவில்லை. ரிட்டையராகிக் கீழே குடியேறியவனுக்கு, நீ இல்லாத மலையில் என்ன வேலை?

போன வாரம் வாட்ச் நின்றுவிட்டது. வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லை. நானே திறந்தேன். முதலில் உமி விழுந்தது. உன்னைத் திட்டிக்கொண்டே லென்ஸை மாட்டி மிஷினைப் பார்த்தேன். அப்புறம் ஜன்னலோரம் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தேன். அது எழுபதுகளின் மிஷின். மிஷின் மட்டும் எங்காவது ரிப்பேரில் மாறியிருக்கலாமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பின்மூடியின் உட்புறம் வேர்வை படாததால் தேயாமல் இருந்தது. அதில் அச்சடித்திருந்த எண்ணும் அதே மிஷினுடையதுதான். வாட்சில் ஒட்டு எதுவும் இல்லை, அசல்தான். ஆனால் அது ஜப்பானில் பிறந்தபோது என் அப்பா செத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

எனக்கு உன் மேல் வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? அம்மாவும் இல்லை, நீயும் இல்லை, யாரைப் பிடித்து உலுக்குவது? மறுநாள் முதல் பஸ்ஸில் மலை ஏறினேன்.

தங்கச்சி என்னைக் கண்டதும் அழுதது. வாட்சைப் பற்றிக் கேட்பதற்குள் உள்ளே போய் ஒரு மாத்திரை டப்பாவோடு வந்தது.

"நீங்க ஒருநாளைக்கு இதக் கேட்டுட்டு வருவீங்கன்னு தெரியுங்கண்ணா. உங்க வாட்ச மொதமொத தொறந்தன்னிக்கு அவரு சோறே உங்கல. 'அது அவங்கொப்பனுது இல்ல புள்ள. அவரு செத்ததுக்கப்பறம் வந்த வாட்சு. அவங்கம்மா எங்கியோ தேடிப் புடிச்சு வாங்கி, அப்பனுதுன்னு சொல்லிக் கட்டியுட்டிருக்குது. ஒரு தாயி சொன்னத நான் எப்புடிப் பொய்யிம்பேன்'னாரு."

தங்கச்சி டப்பாவை என் கையில் வைத்தது.

"அப்பறம் ஒரே பொலம்பல். 'என்னைக்காவது நான் போயிட்டா அவனே தொறப்பான், தெரிஞ்சு போயிரும். அதுக்குள்ள அந்தக் காலத்து மிஷினு ஒண்ணு மாட்டியுட்டரோணும்'னு சேலம் ஈரோடுன்னு அலைஞ்சாருங்கண்ணா. போன மழைக்கு முன்னாடித்தான் கெடச்சுது. அடுத்த தடவ நீங்க தொடைக்கக் கொண்டாந்தா மாட்டிர்றேன்னு சந்தோசமா இருந்தாரு."

டப்பாவுக்குள் பஞ்சில் பொதிந்து அறுபதுகளின் மிஷின் ஒன்றும், அதற்கான பின்மூடியும் இருந்தன. மூடியில் முதல் இலக்கம், நான் பிறந்த வருடத்தின் கடைசி இலக்கம். அதைக்கூடப் பார்த்துத் தேடியிருக்கிறாய். கடைகடையாக நீ எதையோ துழாவி, நான் பக்கத்தில் வந்ததும் மறைத்துக்கொண்டபோதெல்லாம், நல்ல உருப்படியை எனக்குத் தெரியாமல் அமுக்குகிறாய் என்று கேலி செய்திருக்கிறேன். ஊர் உலகத்தின் ஒட்டு வாட்சுகளைத் துப்பியவன் நீ. அதே கையால் எனக்காக ஒரு ஒட்டுச் செய்ய வருடக்கணக்கில் அலைந்திருக்கிறாய். அதைக் கேட்டபோது உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன் மாப்ள. அப்பாவுக்காக அழுதேனா, அம்மாவுக்காகவா, உனக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் வாட்சை என் பசிக்காகவே விற்றிருப்பாள். எனக்கு வேலை கிடைக்கப் போகிறது என்றதும், எழுதப் படிக்கத் தெரியாதவள் வெள்ளை டயல், தங்க முள் என்ற அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்தெந்தக் கடை வாசலில் நின்றாளோ. எண்ணைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? நான் பிறந்த வருடத்தின் இலக்கம் அதில் இருந்தது வெறும் தற்செயல்தான். இத்தனை நாள் நான் அப்பாவைத் தேடிய இடத்தில் அவள்தான் இருந்திருக்கிறாள். ஒரு தடவைகூட அவளை அதில் நான் நினைத்ததில்லை.

பக்கத்தில் மடியில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்தவர் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பழைய வாட்சுங்களாட்ட இருக்குது. அப்பாவுதுங்களா?"

ஆயுசு முழுக்க அந்தக் கேள்விக்கு 'ஆமாங்க' என்றே சொல்லிப் பழகிய வாய்.

"இல்லீங்க. எங்கம்மா வாங்கிக் குடுத்தது" என்றேன்.

நீ தேடிப் பிடித்த மிஷினை வாட்சில் மாட்டவில்லை, இனிமேலும் மாட்டமாட்டேன். உமி விழுந்த பிறகு அது மறுபடியும் ஓடுகிறது. அம்மா தந்தது தந்தபடியே ஓடட்டும். உன்னுடையதை அந்த மாத்திரை டப்பாவிலேயே வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறேன். காலையில் எழுந்ததும் அம்மாவின் வாட்சுக்குச் சாவி கொடுத்துவிட்டு, அதற்கும் கொடுக்கிறேன். டயல் இல்லை, முள் இல்லை, மணி பார்க்க முடியாது. ஆனாலும் நாள் முழுக்க நெஞ்சுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது மாப்ள.