வீட்டுக்காரியின் சம்மதம்

பழுகாமம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மேனுகாவுக்கு,

நான் சுகம். உன் அம்மாவும் சுகம், என்னோடு கோபம் மட்டும்தான். உன் சுகத்தைக் கேட்டு நான் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் நீலச் சரி விழுந்து கிடக்கிறது, பதிலைத்தான் காணவில்லை. அதனால் இந்தக் காலத்திலும் பேனை பிடித்திருக்கிறேன். உன் பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்யும் ஏறாவூர் அஸீமா லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறாள். அவளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் போனை நான் வெட்டவில்லை. நான்தான் வெட்டினேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதாக அஸீமா சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் கொட்டுவது? வாவிக்கு அந்தப் பக்கம் நிற்கிற டவரிடமா? இணையம் இந்தக் கோலத்தில் கிடந்தால் பேசாமல் தேற்றாத்தீவுக்கு அக்கா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று எரிச்சலில் சொன்னேன். அதற்கு நீ, "நீங்க இந்த வீட்ட விட்டுப் போ" என்றாய். அவ்வளவுதான் வந்தது. மிச்சத்தை டவர் விழுங்கிவிட்டது. போங்க என்றாயா, போகாதீங்க என்றாயா? நம் பாஷையில் ஓம், இல்லை எல்லாம் சொல்லின் கடைசியில்தானே வருகிறது. அந்தக் கடைசி எனக்கு வந்து சேரவில்லை. அன்றையில் இருந்து சோறும் சரியாக இறங்கவில்லை, மேனுகா. சும்மா சொல்லவில்லை.

வேலைப் பாடு இன்னும் மோசம். வீட்டுப் பிளான் கீறுவதற்கு நான் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, கம்பியூட்டரும் லைனும் இருந்தால் போதும் என்று அந்தக் கந்தோர்க்காரர் சொன்னபோது நீதான் என்னைவிடச் சந்தோசப்பட்டாய். கம்பியூட்டர் இருக்கிறது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர்கள் திரையில் நான் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்பேனாம். எல்லாரும் சிரிப்பார்களாம். நான் யாரும் கேளாமலே தூண், வளை எல்லாம் விளங்கப்படுத்திக்கொண்டிருப்பேன். போன கிழமை கந்தோர்ப் பெரியவர் சிரிக்கவில்லை. மாதம் முடிவதற்குள் ஒழுங்கான லைன் எடுக்காவிட்டால் வேறு ஆளைப் பார்க்கவேண்டி வரும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

நான் பாராத வழி இல்லை. முதலில் போன் டேட்டாவில் ஓட்டினேன். கிணற்றடி மூலையில்தான் இரண்டு கோடு வரும், மாரி மழையில் குடையும் மடிக்கணினியுமாக அங்கே எத்தனை நாள் நிற்பது? பிறகு களுவாஞ்சிகுடிக் கடைக்காரன் ஒருவன், "இந்த ரவுட்டரப் பூட்டுங்க, மறுகா என்னை நினைப்பீங்க" என்று தந்தான். உண்மைதான், ஒவ்வொரு நாளும் அவனை நினைக்கிறேன். முகட்டில் அன்டெனாவும் கட்டினேன். விடியலில் பறக்கும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் படுத்துவிடும். அன்டெனாவில் காகம் இருக்க நல்ல வசதி. வானத்தில் இருந்து நேரே இறங்குமாம், தட்டு ஒன்று வந்திருக்கிறது. விலையைக் கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.

கடைசியில் ஃபைபர் கம்பி நம் கோயிலடி வரைக்கும் வந்துவிட்டது. ஓடிப்போய்ப் படிவம் எடுத்தேன். சாமி வரம் தந்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான். சுவரில் துளை போடுவதால் வீட்டுச் சொந்தக்காரர்தான் கேட்கவேண்டுமாம். கரண்ட் பில் உன் பெயரில், வீட்டு உறுதிப் பத்திரமும் உன் பெயரில். கவுண்டரில் இருந்த பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப நீங்க வாடகைக்கா இருக்கிறீங்க?" என்று கேட்டது. வெளியூர்ப் பிள்ளை, அதைக் கோபித்து என்ன செய்ய? சீதன வீடு, வீட்டுக்காரி குவைத்தில் என்றேன். அப்படியென்றால் வீட்டுக்காரியின் சம்மதம் வேண்டும், போனில் எடுத்த படம் செல்லாது, பேனையால் வைத்த கையெழுத்துத்தான் வேண்டும் என்றது. வீடு உன்னுடையது என்று நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அந்தக் கவுண்டரில் மட்டும் கொஞ்சம் கூச்சமாகிப் போனது.

அக்கா வீட்டில் ஃபைபர் குறையில்லாமல் ஓடுகிறது. முன் அறையைத் தருகிறேன், வந்து வேலையைப் பார் என்கிறாள். போனால் வேலை தப்பும், அது எனக்குத் தெரியாததல்ல. ஒருநாள் கூட்டத்துக்காகக் கம்பியூட்டரைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு போனேன். பட்டிருப்புப் பாலம் தாண்டவில்லை, ஊர் முழுக்கச் செய்தி. கலியாணம் கட்டி வந்த வீட்டில் இருந்து ஆம்பிளை சாமானைத் தூக்கிக்கொண்டு தாய் பிள்ளைகள் பக்கம் போனால் நம் ஊரில் அதற்கு ஒரே கருத்துத்தானே, பெண்சாதியை விட்டுப் போய்விட்டான் என்று. பின்னேரம் திரும்பி வந்தேன். உன் அம்மா பின்வளவில் தன் குடிலில் இருந்து எட்டிப் பார்த்து, "மருமகன், மிச்சச் சாமான் எடுக்க வந்த நீங்களா?" என்று கேட்டா. அன்றைக்கு எனக்குச் சோறும் போட்டு வைக்கவில்லை. கோபம் என்று நான் நினைத்தேன். இருட்டின பிறகு அவ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. நான் என்ன சொல்லி ஆற்றுவது? எனக்கே தெரியாததை அவவுக்கு எப்படிச் சொல்வேன்?

ஊர் வாய்க்கு உலைமூடி போட முடியாது, அதை விடு. உனக்கும் நான் அப்படிப் போய்விட்டதாகத்தான் செய்தி வந்திருக்கும். நான் இங்கேதான் இருக்கிறேன். கம்பியூட்டரும் இங்கேதான், உன் தையல் மெசின் மேசையில்.

சம்மதப் படிவத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். அஸீமாவின் ஊரவர் ஒருவர் மாதம் முடியமுன் லீவில் வருகிறாராம், அவரிடம் கொடுத்துவிட்டால் போதும். போனில் பதில் சொல்லாதே, திரும்பவும் பாதியில் அறும். வேலையை நினைத்து ஓம் என்று எழுதவேண்டாம். வேலை போனால் வேறு வேலை தேடலாம். இந்த வீட்டில் நான் வேண்டாம் என்று நீ நினைத்தால் படிவத்தை வெறுமையாகவே அனுப்பு. நான் உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு மரியாதையாகப் புறப்படுவேன்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு படு. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும்.

படிவத்தில் என் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதிவிட்டேன். கையெழுத்துக்கு மேலே, விண்ணப்பிப்பவர் வீட்டு உரிமையாளருக்கு என்ன முறை என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை உரிமையாளர்தான் நிரப்பவேண்டும். விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ரதீஸ்