ரூமானாவின் பால் டம்ளர்

அன்பு மகள் பாசிலாவுக்கு, மீமிசலிலிருந்து அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் உன் அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க துஆ செய்கிறோம். போனில் பேசலாம்தான், ஆனால் போனை எடுத்தாலே உன் மகள் ரூமானா என் மடியில் வந்து ஏறிக்கொள்கிறாள், அவள் காதுபட இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால்தான் அங்கே வேலைக்கு வருகிற நம் ஊர் வசந்த்திடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவள் வெளிக்குப் போக முடியாமல் படும் பாட்டை உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறோம். பாத்ரூமில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவாள், ஒரு நாள் ரத்தம்கூடப் பட்டது. மிட்டாய் தின்ற வினை என்று நான் திட்டினேன், உன் அம்மா விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்தாள். அறந்தாங்கி டாக்டர்தான், சில பிள்ளைகளுக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் இப்படி இறுகிவிடும், எல்லாருக்கும் அப்படியில்லை, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பாலிலேயே வயிற்றை நிரப்பினால் சோறும் காயும் எப்படி இறங்கும் என்றும் கேட்டார். பாலை நிறுத்தினோம், குணம் தெரியவில்லை. மறுபடி போனபோது பிள்ளை காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார், டீயும் ரஸ்க்கும் என்று உன் அம்மா சொன்னாள். டீயை எதுலம்மா போடுறீங்க என்று அவர் கேட்டார். நீ அனுப்பும் பால்பவுடரில்தான். நம் வீட்டில் டீயை யார் பால் என்று நினைத்தது? அதையும் விட்ட பிறகு, கீரை, கேழ்வரகு, மீன், நிறையத் தண்ணீர் என்று கொடுக்கிறோம், இப்போது அழாமல் போய்விட்டு வருகிறாள்.

இதோடு முடிந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன் மகளே. நேற்று அடுப்படியில் சத்தம் கேட்டுப் போனேன். ஸ்டூலில் ஏறி டின்னை இறக்கி, பச்சைத் தண்ணீரில் பவுடரைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஏன்டா தங்கம் என்றேன். நன்னா, நான் குடிக்கலைன்னா அம்மா அங்கிட்டு அழும்னு நீங்கதானே சொன்னீங்க என்றாள். ஆமாம், நான்தான் சொன்னேன். வயிறு வலிக்குது என்று டம்ளரைத் தள்ளும்போதெல்லாம் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, அதைச் சொல்லித்தான் குடிக்க வைத்தேன். உன் பெயரைச் சொல்லி உன் பிள்ளையை நோகடித்துவிட்டேன். நெஞ்சு ஆறவில்லை.

அம்மா அழாது என்று இப்போது எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். நன்னாவை நம்ப மாட்டேன் என்கிறாள். நீதான் சொல்ல வேண்டும்.

இனி பால் டின் அனுப்பாதே, பேரீச்சம்பழம் போதும். நீயும் வேலை வேலை என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதே. அல்லாஹ் உங்கள் இருவரையும் சுகமாக வைக்கட்டும். இதைப் படித்ததும் உனக்கு அழுகை வரும், அழுது முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வீடியோ காலில் வா. பால் குடிக்காவிட்டாலும் அம்மா சிரிக்கிறாள் என்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும்.

உன் அத்தா,
பக்கீர் முகமது